பெட்டியின் பின்பக்கத்தை வாசியுங்கள்

கிளிநொச்சியில் சாமான் கடைக்குள் நிற்கும்போது நான் ஆட்களின் கையைத்தான் கவனிப்பேன். ஃபான் வாங்க வருபவர் இறகைத் தட்டிப் பார்ப்பார், நிறத்தைப் பார்ப்பார், வொறன்ரி எத்தனை வருஷம் என்று கேட்பார், விலையில் ஐந்நூறு குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுவார். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதியிருப்பதை வாசிப்பவரைக் காண்பது அரிது. இனி வரும் பத்து வருஷமும் அந்த ஃபானுக்காக எவ்வளவு கட்டப் போகிறோம் என்பது அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. குறைத்து வாங்கிய ஐந்நூறு ரூபாயெல்லாம் அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

நான் வீட்டு வயரிங் வேலை செய்கிறவள். கிழமை நாட்களில் ஒரு தொழிற்பயிற்சி வகுப்பில் பிள்ளைகளுக்கு அதையே படிப்பிக்கிறேன். வகுப்பில் இந்தச் சொற்களை ஆற அமர விளக்க நேரம் கிடைக்கும். வீடுகளில் கிடைக்காது. ஏணியில் நின்றபடி தொடங்குவேன், தேத்தண்ணி வந்ததும் கதை வேறு பக்கம் போய்விடும். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். வாற்று, யூனிட், வோல்ற்று, பி.ரி.யு. என்றெல்லாம் வந்தவுடன் அது இஞ்சினியர்மாரின் பாஷை என்று நாங்கள் ஒதுங்கிக்கொள்கிறோம். கடனெடுத்துச் சாமான் வாங்குவதும் மாதாமாதம் பில் கட்டுவதும் நாங்கள்தானே. விற்கிறவருக்கு விளங்கி வாங்குகிறவருக்கு விளங்காத எண் எப்போதும் விற்கிறவர் பக்கம்தான் நிற்கும்.

முதலில் வாற்றும் யூனிட்டும். இந்த இரண்டும் குழம்பினால் மிச்சம் எல்லாமே குழம்பும். ஒரு சாமான் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்டை இழுக்கிற வேகம்தான் வாற்று. அப்படி இழுத்து முடித்த மொத்தம் யூனிட். இரணைமடு வாய்க்காலில் தண்ணீர் ஓடி வருகிற வேகம் ஒன்று, விடியும்போது வயலில் நிற்கிற தண்ணீர் வேறொன்று. சின்ன வாய்க்கால்தானே என்று இரவு முழுக்கத் திறந்து விட்டால் வரம்பு மேவிவிடும். 1000 வாற்று சேர்ந்தால் ஒரு கிலோவாற்று. ஒரு கிலோவாற்று ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட். மின்சார சபை காசு கேட்பது இந்த யூனிட்டுக்கு.

கெற்றிலில் 2000 வாற்று என்று போட்டிருக்கும். பார்த்தால் பயம் வரும். ஆனால் தேத்தண்ணிக்கு ஆறு நிமிஷம் கொதிக்க வைத்தால் போவது 0.2 யூனிட். சாதாரண சீலிங் ஃபான் 75 வாற்று. பயப்பட ஒன்றுமில்லாத எண் போல இருக்கும். ஆனால் அது நாளுக்கு 12 மணித்தியாலம் சுற்றினால் 0.9 யூனிட், 30 நாளில் 27 யூனிட். இரண்டு அறையில் இரண்டு ஃபான் என்றால் 54. எங்கள் வெக்கைக்கு 12 மணித்தியாலம் என்பது குறைத்துச் சொன்ன கணக்கு.

இந்த 54 ஏன் முக்கியம்? வீட்டுப் பாவனைக்கான கட்டணத்தில் மாதம் 60 யூனிட் என்று ஒரு கோடு இருக்கிறது. அதற்குள் நின்றால் ஒரு கணக்கு. தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, முதல் 60 யூனிட்டுக்கும் வேறு விலை போடுவார்கள், மாதாந்த நிலையான கட்டணமும் ஏறும். அதன்பிறகு 90, 120, 180 என்று படிகள். 2022இல் இருந்து கட்டணம் எத்தனையோ தரம் ஏறி இறங்கிவிட்டது, ஆனால் இந்தப் படிக்கட்டு முறை மாறவில்லை. மீற்றர் பார்ப்பவர் 33ஆம் நாள் வந்தால், அந்த 33 நாளுக்கு ஏற்றபடி படிகளையும் நீட்டித்தான் கணக்கு எடுப்பார்கள். ஆகவே அவர் பிந்தி வந்ததால் பில் கூடிவிட்டது என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை. பில்லில் எத்தனை நாள் என்று எழுதியிருக்கும், பாருங்கள்.

லைற்றை நிப்பாட்டு, லைற்றை நிப்பாட்டு என்று பிள்ளைகளை ஏசும் அம்மாமாரைத் தினமும் காண்கிறேன். நல்ல பழக்கம்தான். ஆனால் இப்போதைய 9 வாற்று எல்.ஈ.டி. பல்ப், முந்தி 60 வாற்றுக் குண்டு பல்ப் தந்த வெளிச்சத்தைத் தருகிறது. அந்த வெளிச்சத்தின் அளவுதான் லூமன், இரண்டுமே ஏறத்தாழ 800 லூமன். இந்த பல்ப் இரவெல்லாம் எரிந்தாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான். அதே நேரம் ஆளில்லாத அறையில் ஃபான் சுற்றிக்கொண்டிருக்கும், அதை ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். ஃபான் அறையைக் குளிராக்குவதில்லை. எங்கள் தோலில் இருக்கும் வியர்வையைக் காய வைப்பதால்தான் எங்களுக்குச் சுகமாக இருக்கிறது. ஆள் இல்லாத அறையில் அது செய்யும் வேலை எதுவுமில்லை.

பி.எல்.டி.சி. என்று எழுதிய ஃபான்கள் இப்போது இங்கேயும் வருகின்றன. உள்ளே நிலைக்காந்தம் வைத்த மோட்டர். ஏறத்தாழ 30 வாற்றில் அதே காற்றைத் தரும். மேலே சொன்ன 54 யூனிட் 22 ஆகக் குறையும். விலை கூடத்தான். ஆனால் 60 கோட்டுக்குக் கிட்ட நிற்கிற குடும்பத்துக்கு, வீட்டில் மாற்ற வேண்டிய முதல் சாமான் எது என்று கேட்டால் நான் ஃபானைத்தான் சொல்லுவேன்.

நம்பிக்கை இல்லாவிட்டால் மீற்றரிடமே கேளுங்கள். புதிய மீற்றர்களில் ஒரு சின்னச் சிவப்பு லைற் மினுங்கும். பக்கத்தில் ஒரு எண் அச்சடித்திருக்கும். எங்கள் வீட்டு மீற்றரில் அது 1600. அப்படியென்றால் 1600 தரம் மினுங்கினால் ஒரு யூனிட். வீட்டில் பிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிப்பாட்டிவிட்டு 75 வாற்று ஃபானை மட்டும் போடுங்கள், அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் மினுங்கும். கெற்றிலைப் போடுங்கள், ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட ஒரு மினுக்கம். வகுப்பில் இதை வீட்டுவேலையாகக் கொடுப்பேன். எல்லாவற்றையும் நிப்பாட்டிய பிறகும் லைற் மினுங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது யாரோ ஒரு சாஜரைச் செருகியபடி விட்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளை தன் வீட்டில் அப்படித் தேடிப்போய், பின்வளவில் மாட்டுக்கொட்டிலுக்கு இழுத்த பழைய வயரில் கசிவு இருந்ததைக் கண்டுபிடித்தாள். மழைக்காலத்துக்கு முதல் கண்டதால் ஒரு மாடாவது தப்பியது என்று அவளுடைய அப்பா சொன்னார்.

எனக்கு வாற்றை முதலில் காட்டித் தந்தது அப்பா. போர்க்கால வன்னியில் பெரும்பாலான இடங்களில் மின்சார சபையின் கரண்ட் இல்லை. பற்றரி கிடைக்காது, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு, ஜாம் போத்தல் விளக்குத்தான். செய்தி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ போடுவார்கள். அந்த டைனமோவின் உடம்பில் 6 வோல்ற்று, 3 வாற்று என்று வெட்டியிருக்கும். அப்பா அதை விரலால் தடவிக் காட்டுவார். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி அமுங்கிப் போகும், ஊரே அவரைப் பார்த்துச் சத்தம் போடும். 3 வாற்றுக்கு ஒரு ஆளின் கை. இன்றைக்கு ஒரு கெற்றிலைச் செருகும்போது 600க்கு மேற்பட்ட அந்த டைனமோக்களை ஒரே நேரத்தில் சுற்ற வைக்கிறோம். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் கொஞ்ச நேரம் கெற்றிலையே பார்ப்பார்கள். 2022 பங்குனி (மார்ச்) கடைசியில் நாட்டில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது, எங்கள் பக்கத்துப் பெரிய ஆட்கள் மற்றவர்களைப் போலப் பதறவில்லை. அந்த அனுபவம் எங்களிடம் இருக்கிறது. அதற்குரிய கணக்கும் எங்களிடம் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அடுத்தது வோல்ற்றும் அம்பியரும். கரண்டைத் தள்ளுகிற அழுத்தம் வோல்ற்று, வயரில் ஓடுகிற கரண்டின் அளவு அம்பியர். இதில் வன்னியில் அதிகம் காசு கரைவது தண்ணீர் இறைக்கிற மோட்டரில்.

விசுவமடுவில் எங்கள் மாமாவுக்கு மிளகாயும் கச்சானும் போடுகிற ஒரு தோட்டம். கிணறு வீட்டிலிருந்து 50 மீற்றர் தள்ளி. ஒரு குதிரைவலு மோட்டர். ஒரே போகத்தில் இரண்டு தரம் கொயில் எரிந்துவிட்டது. "மோட்டர் சரியில்லைப் பிள்ளை, ஏமாத்திப் போட்டாங்கள்" என்று மாமா கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது மோட்டரில் ஒரு பிழையும் இல்லை. வீட்டிலிருந்து கிணற்றடிக்கு இழுத்திருந்த வயர் 1/1.13. அது லைற்றுக்குப் போடுகிற வயர், ஒரு சதுர மில்லிமீற்றர் செம்பு.

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வயர் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 18 ஓம் தடை உடையது. கிணற்றுக்குப் போக 50, திரும்பி வர 50, மொத்தம் 100 மீற்றர், அதாவது 1.8 ஓம். மோட்டர் ஓடும்போது 7 அம்பியர் அளவில் எடுக்கும். 7ஐ 1.8ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 13 வோல்ற்று வயரிலேயே தொலைகிறது. அது பெரிய சிக்கல் இல்லை. தொடங்குகிற நேரம்தான் சிக்கல். நிற்கிற மோட்டர் முதல் சுற்றுக்கு ஐந்தாறு மடங்கு அம்பியர் கேட்கும், 40 என்று வையுங்கள். 40 தரம் 1.8, 72 வோல்ற்று. வீட்டில் 224 இருந்தாலும் மோட்டரின் வாயில் 150தான். மோட்டர் திரும்புகிற பலம் வோல்ற்றின் வர்க்கத்தோடு குறையும் என்பதால், பாதிக்கும் கீழே வந்துவிடும். அது 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நிற்கும். சுற்றாமல் நிற்கிற ஒவ்வொரு நொடியும் அந்த 30, 40 அம்பியர் கொயிலுக்குள் சூடாகிறது. பின்னேரம் ஊரெல்லாம் லைற் போடுகிற நேரம், ரான்ஸ்போமருக்குத் தூரத்தில் இருக்கிற வீடுகளில் வோல்ற்று வேறு இறங்கி நிற்கும். மாமா தண்ணீர் இறைப்பதும் அந்த நேரத்தில்தான்.

வயரை 7/0.67க்கு மாற்றினோம். இரண்டரைச் சதுர மில்லிமீற்றர். தடை 0.74 ஓமாக இறங்கியது. தொடங்கும்போது தொலைவது 30 வோல்ற்று. கையோடு மாலைநேர இறைப்பை விடியப்புறத்துக்கு மாற்றச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த மோட்டர் எரியவில்லை. வயருக்குச் செலவழித்த காசு ஒரு தரம் கொயில் கட்டுகிற காசைவிடக் கூடத்தான், ஆனால் அது ஒரு தரம்தான்.

எங்கள் நாட்டில் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ற்று. நூற்றுக்கு 6 கூடலாம், குறையலாம். அதாவது 216க்கும் 244க்கும் இடையில். அதற்கு வெளியே போனால் முறைப்பாடு செய்ய உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் வீட்டு மெயின் சுவிச்சடியில் அளந்து பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அங்கே சரியாக இருந்து கிணற்றடியில் குறைந்தால் அந்தக் குறை உங்கள் வயரில்.

பவர் ஃபக்டர் பற்றி ஒரு விஷயம் மட்டும். மோட்டர் இழுக்கிற அம்பியர் முழுவதும் வேலையாக மாறுவதில்லை, ஒரு பங்கு சும்மா போய் வரும். வேலையாக மாறுகிற பங்குதான் பவர் ஃபக்டர். வோல்ற்றையும் அம்பியரையும் அப்படியே பெருக்கி வருவது கே.வி.ஏ., உண்மையான வேலை கிலோவாற்று. பெரிய அரிசி ஆலைகளுக்கு உச்சத் தேவை கே.வி.ஏ. கணக்கில் பில்லில் வரும், அவர்கள் இதைக் கவனிக்கத்தான் வேண்டும். வீட்டு மீற்றர் எண்ணுவது கிலோவாற்று மணித்தியாலத்தை மட்டும். ஆகவே பிளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று திருவிழாக் கடைகளிலும் ஃபேஸ்புக்கிலும் விற்கிற அந்தப் பச்சை லைற் பெட்டியை வாங்காதீர்கள். உள்ளே ஒரு சின்னக் கண்டென்சர்தான். அது எதைத் திருத்துகிறதோ அதற்கு நீங்கள் காசே கட்டுவதில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். கூரை.

போருக்குப் பிறகு கட்டிய வீட்டுத்திட்ட வீடுகளில் 550 சதுர அடி என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் பழகிய அளவு. 51 சதுர மீற்றர். கிளிநொச்சி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 9.4 பாகையில் கிடக்கிறது. அதனால் சித்திரை வருஷப்பிறப்பை ஒட்டியும், பிறகு ஆவணி (ஓகஸ்ற்) மாதக் கடைசியிலும் மத்தியானச் சூரியன் நேரே உச்சியில் நிற்கும். மப்பில்லாத அந்த மத்தியானத்தில் ஒரு சதுர மீற்றரில் ஏறத்தாழ 1000 வாற்று வெயில் விழுகிறது. 51 சதுர மீற்றரில் 51 கிலோவாற்று. திரும்ப ஒரு தரம் வாசியுங்கள். 75 வாற்று ஃபானைப் போட்டு நாங்கள் சமாளிக்கப் பார்ப்பது இதனோடு. அந்த 51 முழுவதும் உள்ளே வராது. ஒரு பங்கு தெறித்துப் போகும், ஒரு பங்கைக் காற்று கொண்டுபோகும். எவ்வளவு உள்ளே இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது கூரை எதனால் ஆனது, என்ன நிறம், அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான்.

பள்ளிக்கூடத்தில் வெப்பம் பரவும் வழிகளாகக் கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என்று மூன்று படித்திருப்போம். பரீட்சையோடு மறந்தும் போயிருப்போம். சித்திரை மாதம் பின்னேரம் இரண்டு மணிக்கு ஏணியில் ஏறி, கூரைச் சீற்றுக்கு ஒரு சாண் கீழே உள்ளங்கையை மேல்நோக்கி விரித்துப் பிடியுங்கள். சீற்றைத் தொடவில்லை, இடையில் இருக்கிற காற்றும் அவ்வளவு சூடில்லை, ஆனாலும் கை சுடும். அதுதான் கதிர்வீசல். பழைய சாம்பல் நிறச் சீற் 60 பாகைக்கு மேல் காய்ந்து, கீழே இருக்கிற எல்லாவற்றையும் நோக்கி வெப்பத்தைக் காலிக்கொண்டிருக்கிறது, அதாவது வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. கட்டிலில் படுத்திருக்கும் ஆளின் மேல்தான் அது விழும். ஃபான் அந்தக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும்.

இதற்குச் செய்யக்கூடியவை இரண்டு. வெயில் உள்ளே வர முதலே மேலே தெறிக்க வைப்பது ஒன்று. கூரைக்கென்று விற்கிற வெள்ளைப் பூச்சு புதிதாக இருக்கும்போது விழுகிற வெயிலில் நூற்றுக்கு 80 அளவைத் திருப்பி அனுப்பும். செம்மண் தூசி படிந்தால் குறையும், மழை கழுவ மீண்டும் கொஞ்சம் ஏறும். பழைய அஸ்பெஸ்ரஸ் சீற் வைத்திருப்பவர்கள் இதில் கவனம். பூச்சு அடிக்க முதல் அதைக் காய்ந்தபடி கம்பித் தூரிகையால் சுரண்டக் கூடாது. அதிலிருந்து பறக்கும் நார் நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது, பல வருஷம் கழித்துப் புற்றுநோயாகவும் வரலாம். சுரண்டவும் வேண்டாம், துளைக்கவும் வேண்டாம், உடைந்ததை மிதித்துத் தூளாக்கவும் வேண்டாம்.

மற்றது கீழ்ப்பக்கத்தில் மினுங்குகிற அலுமினியத் தாள். சாதாரண மேற்பரப்பு காலுகிற வெப்பத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் இது காலும். ஆனால் ஒரு நிபந்தனை, அதன் மினுங்குகிற பக்கத்துக்கு முன்னால் காற்று இடைவெளி வேண்டும். இதில்தான் எங்கள் பக்கத்து மேசன்மார் பலர் பிழை விடுகிறார்கள். தாளைச் சீலிங் பலகையோடு ஒட்ட வைத்துவிடுவார்கள். ஒட்டினால் அது வெறும் உலோகம், வெப்பத்தைக் கடத்திவிடும். மினுங்குகிற பக்கத்தைக் கீழ்நோக்கி வையுங்கள், மேல்நோக்கி வைத்தால் இரண்டு வருஷத்தில் தூசி மூடிவிடும். சீற்றுக்கும் சீலிங்குக்கும் இடையில் அடைபட்ட சூடான காற்றுக்கு முகட்டிலோ முக்கோணச் சுவரிலோ வழி விட்டால் இன்னும் நல்லது.

யூ பெறுமானம் என்று ஒன்று வீட்டுப் பொருட்களின் தாள்களில் வரும். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு பாகை வித்தியாசம் இருக்கும்போது ஒரு சதுர மீற்றரால் எத்தனை வாற்று கடக்கும் என்பது அது. குறைய இருந்தால் நல்லது. ஆர் பெறுமானம் அதன் தலைகீழ், கூட இருந்தால் நல்லது. தனித் தகரத்துக்கு மறிக்கிற சக்தி இல்லையென்றே சொல்லலாம். கிடுகு, நாருக்குள் காற்றைப் பிடித்து வைத்திருப்பதால் நன்றாக மறிக்கும். அம்மம்மாவின் மண்வீட்டுத் திண்ணையில் மத்தியானம் நித்திரை வந்தது இதனால்தான். நெருப்புப் பயமும் அடிக்கடி வேய்கிற செலவும் வேறு கதை, எல்லாரும் கிடுகுக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

இரவு ஒன்பது மணிக்கும் மேற்குப் பக்க அறை அனலாக இருப்பதற்குக் காரணம் வேறு. சீமெந்துக் கல் சுவர் பின்னேர வெயிலைக் குடித்து வைத்திருந்து, நாங்கள் படுக்கப் போகிற நேரத்தில் உள்ளே விடுகிறது. கூரைக்குச் செய்யும் வேலை இதற்கு உதவாது. மேற்கே நிழல் வேண்டும். ஒரு ஒத்தாப்பு இறக்கலாம், வேம்பு வைக்கலாம், அதுவரைக்கும் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு பாகற்பந்தல் போட்டாலும் போதும். சோளகம் வீசுகிற மாதங்களில் தென்மேற்குப் பக்கத்து யன்னலையும் எதிர்ப்பக்கத்து யன்னலையும் இரவில் திறந்து விட, நுளம்புக்கு வலை அடியுங்கள். வலைக்குப் போகும் காசு ஒரு ஃபானின் விலைகூட வராது.

ஏசி கேட்டுத்தான் பக்கத்து வீட்டு அக்கா போன சித்திரையில் வந்தா. "பிள்ளை, இந்த ஏசியில மூண்டரைக் கிலோவாற்று எண்டு போட்டிருக்கு. எங்கட மீற்றர் தாங்குமே? பில்லை நினைச்சாப் பயமாக் கிடக்கு." தாளை வாங்கிப் பார்த்தேன். 12,000 பி.ரி.யு. என்றும் இருந்தது. பி.ரி.யு. வெப்பத்தை அளக்கிற பழைய அளவு, மணித்தியாலத்துக்கு 12,000 என்பதும் 3.5 கிலோவாற்று என்பதும் ஒன்றுதான். அந்த 3.5 கிலோவாற்று, அறையிலிருந்து அள்ளி வெளியே கொட்டுகிற வெப்பம். அதே தாளில் கீழே, இன்னொரு வரியில், இழுக்கிற கரண்ட் 1.1 கிலோவாற்று என்று இருந்தது. ஒரு பங்கு கரண்டைக் கொடுத்தால் மூன்று பங்குக்கு மேல் வெப்பத்தை அள்ளுகிறது. அந்த விகிதம்தான் வினைத்திறன், எவ்வளவு கூட இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 12,000 பி.ரி.யு.வை ஒரு தொன் என்றும் சொல்வார்கள். ஐஸ் கட்டியால் குளிரூட்டிய காலத்து அளவு அது, 2000 இறாத்தல் ஐஸ் ஒரு நாளில் உருகி எடுக்கிற வெப்பம். இரவு எட்டு மணித்தியாலம் விடாமல் ஓடினால் ஒன்பது யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைய. அறை குளிர்ந்த பிறகு கொம்பிறசர் ஓய்வதால் உண்மையில் அதிலும் குறையும். இன்வேர்ட்டர் வகை, நின்று நின்று தொடங்காமல் வேகத்தைக் குறைத்து மெதுவாக ஓடும், இன்னும் மிச்சம்.

அக்காவிடம் நான் கேட்டது ஒன்றுதான், முதலில் படுக்கை அறையின் கூரைக்கு வேலை செய்யலாமா? தாள் அடித்து, வெள்ளை பூசி, சீலிங்குக்கு மேலே காற்றுக்கு வழி விட்டோம். அதற்குப் பிறகும் ஏசி வாங்கினா, வயதான மாமிக்காக. ஆனால் 12,000 தேவைப்படவில்லை, 9,000 போதுமாக இருந்தது. அந்த விலை வித்தியாசம் தாள் அடித்த செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தந்துவிட்டது.

சோலரைப் பற்றிக் கேட்காத ஆளில்லை, ஆனால் அதைத் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு ஒன்று. கூரையில் 5 கிலோவாற்று போட்டிருக்கிறோம் என்றால், 1000 வாற்று வெயிலில், தகட்டின் சூடு 25 பாகையில் இருக்கும்போது வருவது அந்த 5. எங்கள் தகரக் கூரையில் தகடு 60 பாகைக்குச் சூடாகும், நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறையும். ஒரு கிலோவாற்றுக்கு நாளுக்கு மூன்றரை, நான்கு யூனிட் என்று மனதில் வையுங்கள். மன்னாரில் காற்றால் கரண்ட் எடுக்கிற தம்பபவனியில் 30 காற்றாடி, ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற்று, மொத்தம் 103.5 என்று சொல்வதும் இதே மாதிரி எண்தான். எல்லாமே நல்ல காற்றில் சுற்றினால் வரக்கூடியது அது, எந்த நேரமும் வருவதில்லை.

உறவுக்காரர் ஒருவர் பற்றரி இல்லாத சோலர் போட்டார். கரண்ட் போனாலும் வீட்டில் லைற் எரியும் என்று நினைத்துத்தான் கடன் எடுத்தார். போட்டுக் கொடுத்தவர்கள் அதைத் திருத்திச் சொல்லவில்லை. 2025 மாசி (பெப்ரவரி) 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நாடு முழுக்கக் கரண்ட் போனது. நல்ல வெயில், கூரை நிறையத் தகடு, வீட்டில் ஃபான் நின்றுவிட்டது. அந்த வகைச் சோலரில் தகட்டின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வேர்ட்டர், வெளி லைனில் கரண்ட் இல்லையென்றால் தானும் நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறித் திருத்துகிற ஆளின் கைக்கு உங்கள் கூரையிலிருந்து கரண்ட் போகும். அந்தப் பாதுகாப்பு வேண்டியதுதான். அதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் வாங்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: கரண்ட் இல்லாத நேரம் இது ஓடுமா? பதிலை விலைப்பத்திரத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இவ்வளவும் காசுக் கணக்கு. உயிர்க் கணக்கு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட என்னால் முடியாது. மெயின் சுவிச் பெட்டிக்குள் ட்ரிப் சுவிச்சில் 30 மில்லி அம்பியர் என்று எழுதியிருக்கும். போன கரண்டுக்கும் திரும்பி வந்த கரண்டுக்கும் அவ்வளவு வித்தியாசம் வந்தால், அதாவது யாரோ ஒருவரின் உடம்பு வழியாக மண்ணுக்கு இறங்கினால், அது கண் இமைக்கும் நேரத்தில் விழ வேண்டும். அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி நேரே வயரைக் கொடுத்த வீடுகளைக் கண்டிருக்கிறேன். அடிக்கடி விழுந்தால் எங்கோ கசிகிறது, அந்த இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதிலேயே 'ரி' என்ற எழுத்தோடு ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். இதை வாசித்து முடித்ததும் எழும்பிப் போய் அதை அமர்த்துங்கள். வீடு இருண்டால் சுவிச்சைத் திரும்பத் தூக்கிவிட்டு வந்து வேலையைப் பாருங்கள். இருளாவிட்டால் நாளைக்கே வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். மாதத்துக்கு ஒரு தரம், மீற்றர் பார்ப்பவர் வருகிற நாளில், இதையும் செய்து பாருங்கள்.